மிஸ்க்: ஒரு சொல்லின் ஸனது

திருமறை வருணிக்கும் சுவனத்தின் நறுமணங்களுள் மூன்று, இந்தியப் பெயர் தாங்கியவை என்று நம் மேடைகளில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. மிஸ்க், காஃபூர், ஸன்ஜபீல் என்பன அவை. முதலாவது அல்முதஃப்பிஃபீன் அத்தியாயத்தின் 26-ஆம் வசனத்திலும், ஏனைய இரண்டும் அத்தஹ்ர் அத்தியாயத்தின் 5, 17-ஆம் வசனங்களிலும் வருகின்றன. மீலாது மேடைகளில் இச்செய்தி இன்னும் ஒரு படி ஏறி, ஸன்ஜபீல் என்பது நம் இஞ்சிவேரே, ஆகவே இறைமறையில் தமிழ் இருக்கிறது என்று முடியும், கரவொலி எழும்.

கரவொலியைக் குறை சொல்வது எம் நோக்கமன்று. ஒரு நபிமொழியைச் செவியுற்றதும் ‘இதன் ஸனது எங்கே?’ என்று கேட்கப் பழகிய சமுதாயம், ஒரு சொல்லின் குலவரலாற்றைக் கேட்கும்போது மட்டும் அக்கேள்வியை மறந்துவிடுவது ஏன் என்பதே எம் ஐயம்.

இக்கூற்றுக்கு மேற்கோளாகக் காட்டப்படும் நூல், அல்லாமா ஸையித் சுலைமான் நத்வி (ரஹ்) அவர்களின் ‘அரப் வ ஹிந்த் கே தஅல்லுகாத்’. 1929-இல் அலகாபாத் ஹிந்துஸ்தானி அகாடமியில் அவர்கள் ஆற்றிய சொற்பொழிவுகள் 1930-இல் இந்நூலாயின. அரபுநாட்டுக்கும் இந்நாட்டுக்கும் உள்ள உறவு, வாளேந்திய அரசர்கள் வருவதற்கு மிக முந்தியது. அது கப்பலிலும் சரக்கு மூட்டையிலும் வளர்ந்தது என்பதை நிறுவுவதற்காகவே அவர்கள் அத்துணை உழைத்தார்கள். உர்து அறிந்தோர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய நூல் அது. அதில் அல்லாமா அவர்கள் மேற்சொன்ன மூன்று சொற்களையும் எடுத்துக்காட்டி, அவற்றுக்குத் திருமறையில் இடம் கிட்டியதை இந்நாட்டின் பேறாகப் போற்றுகிறார்கள். நோக்கம் உயர்ந்தது, ஆயினும் ‘இந்தியச் சொல்’ என்ற ஒரே பாயில் மூன்று வெவ்வேறு குலத்தாரை அமர்த்திவிட்டார்கள் என்று பணிவுடன் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு ஒன்பது நூற்றாண்டுகள் முன்பே, நீஷாபூர் நகரத்து ஸஆலிபீ (ஹிஜ்ரி 429-இல் மறைந்தவர்) தம் ‘ஃபிக்ஹுல் லுகா’ என்னும் நூலில் இதே மூன்றையும் பாரசீகச் சொற்கள் என்ற பட்டியலில் சேர்த்தார். அவர் அரபியரின் அண்டை வீட்டைப் பார்த்தார். நத்வி அவர்கள் அதற்கும் அடுத்த வீட்டைப் பார்த்தார்கள். அதற்கும் அப்பால் செல்ல இன்று வழி உண்டு.

மிஸ்க்கிலிருந்து தொடங்குவோம்.

அரபியில் மிஸ்க், பாரசீகத்தில் முஷ்க், மிஷ்க் என இருவகை வழக்கு. பாரசீக ஷகரம் அரபியில் ஸகரமாவது புதிதன்று. ஸஹீஹ் முஸ்லிமைத் தொகுத்த இமாம் அவர்களின் ஊர் பாரசீகர் வாயில் நீஷாபூர். அரபு நூல்களில் அவர்கள் நைஸாபூரி. ஆகவே பாரசீகத்திலிருந்து அரபிக்கு வந்த கண்ணி உறுதியானது. இஸ்லாத்துக்கு முன்பே அது வந்துவிட்டது என்பதற்கு இம்ரஉல் கைஸின் முஅல்லகாவில் மிஸ்க் மணப்பதே போதிய சான்று.

பாரசீக முஷ்க் எங்கிருந்து வந்தது? இங்கேதான் எலி நுழைகிறது. வடமொழியில் ‘முஷ்க’ என்றால் விதைப்பை, நேர்ப்பொருள் ‘சிற்றெலி’. ‘மூஷ்’ என்பது எலி. மூஷிகம் என்று தமிழிலும் வழங்குவது அதன் வழிவந்ததே. ஆண் கஸ்தூரி மானின் வயிற்றடியில், உந்திக்கும் குறிக்கும் இடையே, மணப்பொருள் சுரக்கும் சிறு பை உண்டு. அதன் உருண்டை வடிவைக் கண்டவர்கள் அதற்கு இப்பெயரிட்டனர் என்பது சொல்லாய்வாளர் பெரும்பாலோர் கொள்கை.

எலியின் பெயர் இன்னும் பின்னோக்கிச் செல்லும். பாரசீகத்தில் மூஷ், பழைய ஸ்லாவ் மொழியில் மிஷ், கிரேக்கத்திலும் இலத்தீனிலும் மூஸ், பழைய ஆங்கிலத்திலும் ஐஸ்லாந்து மொழியிலும் மூஸ், இன்றைய ஆங்கிலத்தில் மவுஸ். இவை அனைத்துக்கும் தாயாக ‘மூஸ்’ போன்றதொரு பெயர்ச்சொல் ஒரு மூலமொழியில் இருந்திருக்க வேண்டும் என்று அறிஞர் மீட்டுருவாக்கியுள்ளனர். அம்மொழியில் ஒரு கல்வெட்டும் இல்லை, ஓர் ஏடும் இல்லை. அதனால்தான் அதன் சொற்களுக்கு முன்னே உடுக்குறி ஒன்றை இடுகிறார்கள். யாரும் கண்ணால் கண்டதன்று என்பதற்கு அது ஒப்புதல் வாக்குமூலம்.

காணாத சொல்லை எப்படி நம்புவது என்று கேட்கலாம். ஹதீஸ் கலை பயின்றவர்க்கு இதில் வியப்பில்லை. ஒருவரையொருவர் கண்டிராத மூன்று மாணவர்கள், மூன்று நாடுகளில், ஒரே செய்தியை ஒரே வாசகத்தில் அறிவிக்கிறார்கள் என்று கொள்க. அவர்களின் ஆசிரியரது ஏடு தொலைந்துபோயிருந்தாலும், அப்படி ஓர் ஆசிரியர் இருந்தார் என்பதை எந்த முஹத்திஸும் மறுக்கமாட்டார். ஆனால் வாசக ஒற்றுமை மட்டும் போதாது. அறிவிப்பாளரின் பழக்கமும் தெரிந்திருக்க வேண்டும். எந்த எழுத்தை எங்கே மாற்றுவார் என்பது ஒவ்வொரு மொழிக்கும் ஒரு விதியாக உண்டு. உகரத்தை அடுத்து வந்த ஸகரம் இந்திய, ஈரானிய, ஸ்லாவ் கிளைகளில் ஷகரச் சாயல் பெறும். இலத்தீனிலும் கிரேக்கத்திலும் ஆங்கிலத்திலும் அப்படி ஆவதில்லை. எலிக்கு மட்டும் வாய்த்த தற்செயலாக இது இருந்தால் தள்ளிவிடலாம். உலர்ந்தது என்னும் பொருளில் லிதுவேனிய மொழியில் ‘ஸௌஸஸ்’ என்றிருக்க, வடமொழியில் ‘சுஷ்க’ என்றும் பாரசீகத்தில் ‘குஷ்க்’ என்றும் வருவதைப் பார்த்தால், விதி தன் வேலையைச் செய்வது தெரியும். அந்தச் சுஷ்க, பிராகிருதத்தில் ‘சுக்க’ ஆகி நம் சுக்காயிற்று என்பர். சுக்கைத் தமிழ் வேரிலிருந்து பிறந்ததாகக் கொள்வோரும் உண்டு. முன்னது சரியென்றால், இங்கே பவானியில் நாம் மாலைதோறும் குடிக்கும் சுக்கு மல்லிக் காப்பியில் மிதப்பது பாரசீகக் குஷ்க்கின் உடன்பிறப்பு. இஞ்சி பச்சையாய் இருக்கும்வரை ஒரு குலம், காய்ந்ததும் வேறு குலம்!

விதியில்லாத ஒலியொப்புமை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு ஒரு சிறு எடுத்துக்காட்டு. கணிப்பொறியின் மவுசும், ‘அதற்கு இப்போது மவுசு அதிகம்’ என்னும் மவுசும் ஒலியில் ஒன்றே. இவ்விரண்டையும் உறவாக்குவோரை நாம் நகைப்போம். ஆனால் மேடையில் செய்யப்படும் சொல்லாராய்ச்சியில் பாதி இவ்வகையானதே.

நிற்க. மிஸ்க் எலியிலிருந்து வந்தது என்றவுடன் சிலருக்கு முகம் சுளிக்கும். புனித ஹரமிலும் கொல்லலாம் என்று நபிமொழி அனுமதித்த ஐந்து பிராணிகளுள் ஒன்று எலி. சுவன பானத்தின் முத்திரைக்கு அதன் பெயரா என்பது அவர்கள் மனத்தாங்கல். இம்மனத்தாங்கலை எள்ளி ஒதுக்குவது முறையன்று; மறையின்மீதுள்ள கண்ணியத்திலிருந்து பிறப்பது அது. ஆனால் அதற்கு விடை நம் கிதாபுகளிலேயே இருக்கிறது. கஸ்தூரிப் பையை அரபியரே ‘ஃபஃரத்துல் மிஸ்க்’, அதாவது மிஸ்க்கின் எலி, என்றுதான் அழைத்தார்கள். இச்சொல்லின் மூலத்தை வேறுவகையாக விளக்கிய அகராதிக்காரர்களும் உண்டு என்பது உண்மையே. எனினும் ‘எலி’ என்று கேட்டு எவரும் மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை. இன்னும் பாருங்கள்: தசைக்கு அரபியில் ‘அளலா’, அதே மூன்றெழுத்து வேரில் ‘அளல்’ என்றால் பெரிய எலி. இலத்தீனிலும் தசைக்குச் ‘சிற்றெலி’ என்றே பெயர். ஆங்கிலத்தின் ‘மஸில்’ அதன் வழித்தோன்றல். தோலடியில் தசை புடைத்து ஓடுவதைப் பார்த்து இரு மொழியாரும் எலியை நினைத்தனர் போலும். இங்கே மூதாதைத் தொடர்பு ஏதுமில்லை, பொருளொப்புமை மட்டுமே. ஆயினும் அது நல்லதொரு ஷாஹிது.

அப்பொருளுக்குச் சட்டநூலார் வழங்கிய தீர்ப்பும் ஈண்டு நினைக்கத்தக்கது. கஸ்தூரி மானின் இரத்தம் திரண்டு உண்டாவது என்று முன்னோர் கருதினர். இரத்தம் நஜீஸ். ஆனால் மிஸ்க் தூயது என்பதில் அறிஞர் ஒருமித்துள்ளதை இமாம் நவவி (ரஹ்) அவர்கள் முஸ்லிம் ஷரீஃபின் விரிவுரையில் பதிவு செய்துள்ளார்கள். ஒன்று தன் தன்மை முற்றும் மாறி வேறொன்றாகும்போது பழைய தீர்ப்பு நீங்கும். ‘இஸ்திஹாலா’ என்பது அதன் பெயர். பொருளுக்கு இது பொருந்துமாயின் பெயருக்கு ஏன் பொருந்தாது?

இனி அடிப்படையான வினா. தெளிவான அரபியில் அருளப்பட்ட மறையில் அரபியல்லாத சொல் இருக்கலாமா? இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் ‘அர்ரிஸாலா’வில் இதனை வன்மையாக மறுத்தார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களும் அவர்களது மாணவர் சிலரும் குறிப்பிட்ட சொற்களை அபிஸீனிய, பாரசீகச் சொற்கள் என்று விளக்கியதாக அறிவிப்புகள் உள்ளன. அப்படிப்பட்டவை இரு மொழிகளிலும் தற்செயலாக ஒத்துப்போனவை என்று தபரீ (ரஹ்) அவர்கள் சமாதானம் கூறினார்கள். மணப்பொருளும் அதன் பெயரும் ஒரே மூட்டையில் வந்திறங்கும்போது அதைத் தற்செயல் என்பது எமக்கு மனநிறைவு தரவில்லை. ஹிஜ்ரி 224-இல் மறைந்த அபூ உபைத் காஸிம் இப்னு ஸல்லாம் (ரஹ்) அவர்களின் முடிவே நேர்மையானது. பிறப்பில் அச்சொற்கள் பிறமொழியன. அரபியர் நாவில் திருந்தி அரபியாகிவிட்டன. அதன் பின்னரே மறை இறங்கியது. ஆகவே இரு தரப்பாரும் உண்மையே சொன்னார்கள் என்பது அவர்கள் கருத்து. ஜவாலீகீயும் ஸுயூத்தீயும் இவ்வழியே சென்றனர். ஸுயூத்தீ (ரஹ்) அவர்கள் ‘அல்இத்கான்’ நூலில் நூற்றுக்கு மேற்பட்ட சொற்களைத் தொகுத்தும் அவர்களது ஈமானுக்கு ஒரு குறைவும் வரவில்லை. 1938-இல் பரோடாவிலிருந்து ஆர்தர் ஜெஃப்ரி என்னும் கிறித்துவ அறிஞர் இப்பொருள் பற்றி ஆங்கிலத்தில் பெருநூல் வெளியிட்டபோது நம்மவர் சிலர் அதிர்ந்தனர். அவருடைய முடிவுகள் சிலவற்றை நாம் ஏற்க இயலாது. ஆனால் அவர் தொடங்கிய இடம் ஸுயூத்தீ நின்ற இடமே.

மிஸ்க் இந்தியச் சொல்தானா என்பதை இன்னும் தீர்க்கவில்லை. நத்வி அவர்களின் வாதத்தில் மெலிந்த கண்ணி இதுவே. வடமொழியில் முஷ்க உண்டு. ஆனால் அது உறுப்பின் பெயர். மணப்பொருளை வடநூலார் கஸ்தூரி என்றும் மிருகமதம் என்றுமே வழங்கினர். ஈரானிய மொழிகளோ வடமொழியின் உடன்பிறப்புகள். எலியின் பெயர் அவர்களுக்கும் பாட்டன் சொத்து. எனவே இப்பெயரை இந்தியர் சூட்டிப் பாரசீகர் வாங்கினரா, பாரசீகரே தம் சொல்லிலிருந்து சூட்டினரா என்பது இரு பக்கமும் சாயக்கூடிய வழக்கு. அறிவிப்பாளர் சொன்னதாக எங்கும் பதிவாகாத செய்தியை அவர் பெயரில் ஏற்றுவதற்கு ஹதீஸ் கலையில் என்ன பெயர் என்பதை வாசகர் அறிவர். மூல இந்தோ-ஐரோப்பியப் பெயர்ச்சொல் ஒன்றின் வழித்தோன்றல் மிஸ்க் என்று உறுதியாகச் சொல்லலாம்; இந்தியாவிலிருந்து சென்றது என்று அதே உறுதியோடு சொல்ல முடியாது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கஸ்தூரி என்ற சொல்லே, பீவர் எனப்படும் நீர்விலங்கைக் குறிக்கும் கிரேக்கக் ‘காஸ்டோர்’ என்பதிலிருந்து வந்தது என்பது பலர் கருத்து. கஸ்தூரி மஞ்சள் என்று நாம் அழைக்கும் கிழங்கு கிரேக்கப் பெயரைச் சுமந்து திரிகிறது!

ஸன்ஜபீலின் கதை வேறு. இதில் நத்வி அவர்கள் சொன்னதைவிடவும் பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. வடமொழியில் இஞ்சிக்குச் ‘சிருங்கவேர’ என்று பெயர். சிருங்கம் கொம்பு, மான்கொம்பு போல் கிளைத்திருப்பதால் இப்பெயர் என்று உரை சொன்னார்கள். இது பின்னாளில் கட்டிய உரை. பாலி மொழியில் இச்சொல் ‘சிங்கிவேர’. பௌத்தர்களின் விநய நூலில் மருந்து வேர்களின் வரிசையில் மஞ்சளுக்கு அடுத்து இப்பெயர் நிற்கிறது. அங்கே கொம்பும் இல்லை, மானும் இல்லை. இதில் ‘வேர’ என்னும் பகுதியே சாட்சி. வேர் என்ற பொருளில் அது வடமொழிச் சொல்லன்று. நம் தோட்டத்துச் சொல். முற்பகுதியாகிய ‘சிங்கி’, முதலெழுத்தாகிய சகரம் தேய்ந்து தமிழிலும் மலையாளத்திலும் இஞ்சியாயிற்று. சிறகு இறகாவதும் சிப்பி இப்பியாவதும் சமணர் அமணராவதும் அறிந்த தமிழர்க்கு இவ்விதியை விளக்க வேண்டியதில்லை. பர்ரோ இதனை விளக்கினார். 1952-இல் ஆலன் ராஸ் இஞ்சிச் சொல்லுக்கென்றே ஒரு சிறுநூல் எழுதினார். பிராகிருதத்திலிருந்து பாரசீகம், அங்கிருந்து சிரியாக், அங்கிருந்து அரபி. இன்னொரு வழியில் கிரேக்கம், இலத்தீன், ஆங்கிலத்தின் ஜிஞ்சர். கண்ணிகள் அறாத முத்தஸிலான ஸனது இது. அரபியர் இதனை அறிந்திருந்தமைக்குக் கவிஞர் அஃஷாவின் பாடல் சான்று.

ஆகவே மேடையில் சொல்வது சரிதானே என்று கேட்கலாம். முடிவு சரி, ஆனால் பாதி வழியில் நிறுத்திவிடுகிறார்கள். கன்னடரும் தெலுங்கரும் இஞ்சிக்கு வேறு பெயர் வழங்குகின்றனர். எலிக்குத் தமிழிலும் மலையாளத்திலும் எலி, கன்னடத்தில் இலி, தெலுங்கில் எலுக என்று நால்வரும் சாட்சி சொல்வது போல் இஞ்சிக்குச் சொல்வதில்லை. மேலும் இஞ்சி காட்டில் தானாக முளைப்பதாக எங்கும் அறியப்படவில்லை. அதன் தொட்டில் தென்கிழக்காசியா என்பது தாவர நூலார் கொள்கை. தாய்லாந்தில் அதற்கு ‘கிங்’ என்று பெயர். செடியோடு சிங்கியும் அத்திசையிலிருந்தே நம்மிடம் வந்திருக்கலாம் என்று கருதுவோர் உளர். அது நிறுவப்பட்டால் தமிழ், ஸனதின் நடுவே நிற்கும் நம்பகமான அறிவிப்பாளர் ஆகுமே தவிர மூல ஆசிரியர் ஆகாது. அறிவிப்பாளரின் தகுதி சிறிதா என்ன? அபூஹுரைரா (ரலி) அவர்களை நாம் எதற்காகப் போற்றுகிறோம்?

உண்மையில் இங்கே இஞ்சி ஒரு சாக்கு. நாமும் இம்மண்ணுக்குரியவர்களே என்று நிறுவ வேண்டிய நிலை நேரும்போதெல்லாம், நம் மறையிலும் உங்கள் மொழி இருக்கிறது என்று எடுத்துக்காட்டத் தோன்றுகிறது. அதே நாவு மறுநாள் திருமணப் பேச்சில், எங்கள் மூதாதையர் அரபு நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று நஸபு சொல்லும். கொங்கு நாட்டில் பரவலாக வாழும் ராவுத்தர்மார் தம் பெயருக்கு அரபு வேர் தேடி அலைவதை யாம் கண்டிருக்கிறோம். குதிரை வீரன் என்னும் பொருளுடைய அச்சொல், ‘ராஜபுத்ர’ என்பதன் பிராகிருத வடிவிலிருந்து வந்தது என்பதே சொல்லாய்வாளர் பெரும்பாலோர் முடிவு. அந்த ‘ராஜ’வும் இலத்தீனில் அரசனைக் குறிக்கும் ‘ரெக்ஸ்’ என்பதும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? இம்மண்ணில் நமக்குள்ள உரிமைக்கு நம் முன்னோர் தமிழில் பாடிய காப்பியங்களும், அவர்கள் உறங்கும் மண்ணறைகளும் போதும். அதற்காக இறைமறையைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை.

காஃபூரைப் பற்றி நெடிது எழுத இடமில்லை; சிக்கலும் குறைவு. மலாய் மொழியில் ‘காப்பூர்’ என்றால் சுண்ணாம்பு. மரத்தில் விளையும் அந்த வெண்ணிறப் பொருளைச் சுமத்ராவின் பாரூஸ் துறையின் பெயரோடு சேர்த்துக் ‘காப்பூர் பாரூஸ்’ என்பர். அரபு வணிகர் அத்துறையை ஃபன்ஸூர் என்றனர். ஃபன்ஸூரிக் காஃபூர் அவர்களிடம் உயர்ந்த விலை பெற்றது. நம் சமையலறைப் பச்சைக் கற்பூரம் அந்த இனத்தது. வடமொழி அச்சொல்லை வாங்கும்போது நடுவே ஒரு ரகர ஒற்றைச் செருகிக் ‘கர்ப்பூர’ என்றாக்கியது. தமிழ்க் கற்பூரத்திலும் அந்த ஒற்று றகரமாய் நிற்கிறது. பாரசீகத்திலும் அரபியிலும் அது இல்லை. ஆகவே வடமொழி வடிவம் காஃபூருக்கு நேர்த்தந்தையன்று. பிராகிருதக் ‘கப்பூர’ வழியாகவோ கடல்வழி நேரடியாகவோ அது சென்றிருக்க வேண்டும். எவ்வழியாயினும் பிறந்த வீடு சுமத்ரா, இந்தியா அன்று.

அந்தப் பாரூஸின் அருகே லோபு துவா என்னும் இடத்தில் 1873-இல் ஒரு தமிழ்க் கல்வெட்டுக் கிடைத்தது. திசையாயிரத்து ஐஞ்ஞூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் சக ஆண்டு 1010-இல், அதாவது 1088-இல், நட்டது அது. காஃபூர்ச் சரக்கில் தமிழ் வணிகருக்கும் பங்கிருந்தது என்பதற்கு இதனைச் சிலர் மகிழ்ந்து எடுத்துக்காட்டுவர். காட்டட்டும். ஆனால் மறை அருளப்பட்டு நான்கு நூற்றாண்டுக்கு மேல் கழிந்து எழுந்த கல் அது. அத்தஹ்ர் அத்தியாயத்துச் சொல்லுக்கு அதனைச் சாட்சியாக்க இயலாது.